நூலகர் மாநாடு – கடிதம்

வணக்கம் அம்மா,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் ஆறு வருடமாக நூலகராக இருக்கிறேன். பதினான்காயிரம் புத்தகம், ஒரு உதவியாளர், நான். அடுத்த மாதம் மதுரையில் நூலகர்களுக்கு இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு. முதல்வர் அழைப்பிதழை அனுப்பி வைத்தார். ஓ.டி. (பணி நாளாகவே கணக்கிடும் அனுமதி) கிடைக்கும், பணம் கிடைக்காது. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். கட்டுரை தொகுப்பில் வர வேண்டுமென்றால் இன்னும் 1,000. போன வருடம் இப்படி ஒன்றுக்குப் போனேன். சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிய மதியமாகிவிட்டது. அப்புறம் ஆளுக்கு ஐந்து நிமிடம் கட்டுரை வாசிப்பு. நான் வாசிக்கும்போது அமர்வுத் தலைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பையும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முப்பது வருடம் நூலகராக இருந்தவர் நீங்கள். சொல்லுங்கள், இதற்கெல்லாம் போகத்தான் வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட மிகையில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நானும் பல மேடைகளில் வாசித்திருக்கிறேன். இரண்டு மாதம் மாணவர்களிடம் படிவம் கொடுத்துத் திரட்டியதை, யாரும் கேட்காத ஒரு அறையில் அவசரமாக வாசித்துவிட்டு இறங்கும்போது தொண்டை அடைக்கும். அதற்காக உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. அந்த 1,000 ரூபாயைக் கட்டாதீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு அச்சடிக்கும் தொகுப்பைப் பிரித்துப் படிக்க ஆளில்லை.

ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் கல்லூரியில் வேதியியல் துறையில் ஆறேழு பேர் இருப்பார்கள். ஒருவருக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் அடுத்த மேசையில் கேட்கலாம். வளாகம் முழுக்கத் தேடினாலும் உங்கள் வேலை தெரிந்த இன்னொருவர் கிடையாது. ஒரு புத்தகத்துக்கு எந்த எண் போடுவது, பழைய மென்பொருளிலிருந்து கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறுவதா சோல் என்பதற்கு மாறுவதா, கரையான் பிடித்த அலமாரியை என்ன செய்வது என்று யாரிடம் கேட்பீர்கள்? முதல்வருக்குத் தெரியாது. உதவியாளர் உங்களைப் பார்ப்பார். ஒரு கல்லூரிக்கு ஒரு நூலகர் என்பதால் நம் தொழிலில் தனிமை வேலையோடு சேர்ந்தே வருகிறது.

இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். சீர்காழிக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். நூலகத்தின் அமைதி தாங்காமல் சில நாளிலேயே பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவர் அவர். அதே ஆண்டு அவரை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே பாடம் படித்ததோடு நிற்காமல், நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். வேலை நடப்பதைக் கண்ணால் பார்த்தார், செய்கிறவர்களிடம் பேசினார். ஊர் திரும்பிய பிறகு கணக்குப் பாடத்துக்குப் போகும் நினைப்பே அவருக்கு வரவில்லை. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறைக்கான பொறிகூட, லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பூட்டிக் கழற்றிக் காட்டியதைப் பார்த்தபோது தட்டியதுதான்.

1930இல் காசியில் அனைத்து ஆசியக் கல்வி மாநாடு நடந்தது. தான் எழுதிய மாதிரி நூலகச் சட்டத்தை ரங்கநாதன் அங்கேதான் வைத்தார். பதினெட்டு ஆண்டு கழித்து, 1948இல், சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். இன்றைக்கும் உசிலம்பட்டியில் வீட்டு வரி கட்டுகிறவர் அதோடு நூலக வரியும் கட்டுகிறார் என்றால் அந்தச் சட்டத்தால்தான். காசியில் அவர் அதை வைத்த நாளில் எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரியில் மென்பொருளை மாற்றினோம். மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால் மூவாயிரம் தமிழ்ப் புத்தகங்களைக் காணோம். எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்தவை; அதில் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் தமிழ் வடிவம் போட்டிருப்பார்கள். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நின்றன. மென்பொருள் விற்றவர்கள், எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியதுதான் என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த வாரம் மதுரையில் ஒரு கருத்தரங்கு. மனசே இல்லாமல் போனேன். முழுக் காலையும் வீண். மதியம் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்றவர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக் நூலகர் என்று தெரிந்தது. பேச்சுவாக்கில் என் கஷ்டத்தைச் சொன்னேன்.

அவர் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். “எல்லாத்தையும் எக்ஸெல்லுக்கு எடுத்துருங்கம்மா. மொத்தமா யூனிகோடுக்கு மாத்துனீங்கன்னா இங்கிலீஷ் புத்தகமும் தமிழ் எழுத்தா மாறி நாறிப்போகும். முதல்ல வகைப்பாட்டு எண்ணை வச்சுப் பிரிங்க. 894.811 எல்லாம் ஒரு பக்கம் வந்துரும், அது பூரா தமிழ் இலக்கியம். மிச்சத்தைக் கண்ணால பாருங்க. தலைப்பு, ஆசிரியர் ரெண்டு கட்டத்தை மட்டும் மாத்துங்க, வரிசை எண்ணைத் தொடவே தொடாதீங்க.” அவர் சோறு ஆறிப்போனது. நானும் என் உதவியாளரும் பன்னிரண்டு நாளில் மூவாயிரத்தையும் மீட்டோம். அந்த அழைப்பிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று மேடையில் பேசியவர் யார் என்று கேட்டால் நினைவில்லை.

அதனால், உங்கள் கவுண்டரில் மாதக்கணக்கில் தீராத ஒரு சிக்கலை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உதாரணமாக, ஆங்கில எழுத்தில் தமிழ்த் தலைப்பைத் தேடும் மாணவன் ‘கதை’யை kathai என்று அடிக்கிறான், நீங்கள் kadhai என்று பதிந்தீர்களா kadai என்று பதிந்தீர்களா என்று அவனுக்குத் தெரியாது. புத்தகம் அலமாரியில் இருந்தும் ‘இல்லை’ என்று திரை சொல்கிறது. இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேளுங்கள். தெரிந்தவர்களோடு சாப்பிட உட்காராதீர்கள். மூன்று பேருடைய கைபேசி எண்ணாவது வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

இரண்டு நாளில் ஒரு மாலையை ஒதுக்கிப் புதுநத்தம் சாலைக்குப் போய்வாருங்கள். 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். இந்த முறை கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு மூலையில் அரை மணி நேரம் நின்று, உள்ளே வருகிறவர் எந்த இடத்தில் தயங்குகிறார், யாரிடம் வழி கேட்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் நூலகத்தில் எந்தப் பலகையை எங்கே மாட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கருத்தரங்கைவிடச் செய்முறைப் பயிற்சி பயன்படும் என்பது என் அனுபவம். கணினி முன்னால் உட்கார வைத்துச் சொல்லித்தரும் பட்டறை எதற்காவது அழைப்பு வந்தால், கருத்தரங்கை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களுக்காகக் காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்னெட் மையம் நடத்தும் பயிற்சிகளையும் கவனித்து வாருங்கள், சோல் மென்பொருளே அவர்களுடையதுதான்.

இன்னொன்று. உசிலம்பட்டி, திருமங்கலம், ஆண்டிபட்டி என்று உங்களைச் சுற்றி இருக்கும் கல்லூரிகளில் உங்களைப் போலவே தனியாக உட்கார்ந்திருக்கும் நூலகர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒருவர் நூலகத்தில் மற்றவர்கள் கூடுங்கள். விளக்கு ஏற்ற வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், டீயும் வடையும் போதும். அந்த நாலு பேரை எங்கே பிடிப்பது என்றால், அடுத்த மாதம் மதுரையில்தான்.

இரண்டாம் நாள் நானும் வருகிறேன். சாப்பாட்டு வரிசையில் பார்ப்போம், கையில் அந்தத் தாள் இருக்கட்டும்.