100 வாட்டில் மட்டும் குரல் உடைந்தால்

வணக்கம் நண்பரே. உங்கள் ஹாம் ரேடியோவில் 20 வாட்டில் குரல் தெளிவாக இருக்கிறது, 100 வாட்டுக்கு ஏற்றினால் 40 மீட்டர் அலைவரிசையில் எல்லோரும் "உடையுது"ங்கிறாங்க, மைக் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தும் பலனில்லை என்கிறீர்கள். அப்படியானால் மைக் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

முதலில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடு (பவரை வெளியே அனுப்பாமல் வெப்பமாக்கிவிடும் போலி ஆன்டெனா) மாட்டி முழுப் பவரில் பேசுங்கள். இன்னொரு ரிசீவரில், அதன் ஆன்டெனாவையும் கழற்றிவிட்டு, ஹெட்போனில் கேளுங்கள். அப்போதும் உடைந்தால் பவர் சப்ளை பக்கம் போங்கள். 100 வாட் ரிக் (ரேடியோ செட்) பேச்சின் உச்சத்தில் 20 ஆம்பியர் வரை இழுக்கும். சப்ளையில் 13.8 வோல்ட் காட்டுவதை நம்பாமல், ரிக்கின் பின்பக்கத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12-க்குக் கீழே சரிந்தால் மெல்லிய ஒயரோ கருகிய ஃபியூஸ் ஹோல்டரோதான் காரணம். மூன்று வாரம் மைக்கைப் பிரித்துப் பிரித்து மாட்டியவன் நான். கடைசியில் ஃபியூஸ் ஹோல்டர்!

டம்மி லோடில் சுத்தமாக இருந்தால், கோஆக்ஸின் (ஆன்டெனா கேபிளின்) வெளிப்பின்னல் வழியே ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம்) திரும்பி வந்து மைக்குக்குள் புகுகிறது. டைபோல் ஆன்டெனாவை நேரடியாகக் கோஆக்ஸில் இணைத்தவர்களுக்கு இது சகஜம். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 1.2 என்று நன்றாக இருந்தாலும் வரும், அதை வைத்து ஏமாறாதீர்கள். ஆன்டெனா இணைப்பருகே 31 வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிடுங்கள், அது அந்த ஆர்.எஃப்.-ஐத் தடுக்கும்.

மைக் கெயின் அதற்கப்புறம்தான். கம்ப்ரெஸரை (மெல்லிய ஒலியை உயர்த்தும் வசதியை) அணைத்து, சாதாரணக் குரலில் ஏ.எல்.சி. (பவர் மிஞ்சாமல் தானே கட்டுப்படுத்தும் சுற்று) மீட்டரின் முள் குறித்த பட்டைக்குள்ளேயே ஆடும்படி வையுங்கள்.

டம்மி லோடில் என்ன ஆனது என்று எழுதுங்கள். 73 (வாழ்த்துகள்).