பதில்: ஹில்கிரெஸ்டில் இருக்கிறேன், ஞாயிறு ஓட்டத்துக்கு எந்தப் பாதை?

வணக்கம் தம்பி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஹில்கிரெஸ்டில் இருக்கிறேன், ஞாயிறு ஓட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், மேடு வேண்டும், பழைய சின்னங்கள் இரண்டையாவது பார்க்க வேண்டும், ஆனால் இறக்கத்தில் முட்டி வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஹில்கிரெஸ்டிலிருந்து ஓடத் தொடங்காதீர்கள். பக்கத்து ஊரான போத்தாஸ் ஹில்லைத் தாண்டினால் ட்ரம்மண்ட் என்ற ஊர் வரை பெரும்பாலும் இறக்கம்தான், முட்டி அங்கேயே போய்விடும். உங்களைக் காரில் ட்ரம்மண்டில் இறக்கிவிடும்படி அக்காவிடம் சொல்லுங்கள். அங்கிருந்து பழைய மெயின் ரோட்டில் மேலே ஏறி வீட்டுக்கே ஓடி வாருங்கள்.

இது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் நெடுந்தூர ஓட்டப் பந்தயமான காம்ரேட்ஸின் பாதை. முதல் உலகப் போரில் இறந்த வீரர்கள் நினைவாக 1921இல் தொடங்கிய ஓட்டம். அந்த வருஷம் கிளம்பியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16. ட்ரம்மண்டை விட்டுக் கொஞ்ச தூரத்தில், ஓடி முடித்தவர்களின் பெயர்ப் பலகைகள் பதித்த நீளமான சுவர் வரும். அதற்குப் பக்கத்திலேயே மேட்டில் குடைந்த ஒரு சின்ன இருக்கை, 'ஆர்தர்ஸ் சீட்'. ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் உட்கார்ந்து இளைப்பாறிய இடம் என்பார்கள். பூ வைத்து, "குட் மார்னிங் ஆர்தர்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் ஒருமுறை கோயில் மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி வைத்தேன்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடங்கள், வெட்கமே வேண்டாம். ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு அப்போதுதான் கண்ணில் படும். வண்டிகள் எதிரே வரும்படி வலது ஓரமாக ஓடுங்கள். விடிந்ததும் கிளம்புங்கள், தனியாக வேண்டாம்.

அப்புறம், காந்தியை 1893இல் ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அது இந்தப் பாதையில் இல்லை, மாலையில் காரில் போய்ப் பாருங்கள்.