ரோஜர் வேர் செய்த குற்றம் எவ்வளவு?

கேள்வி: பிட்காயினின் தொடக்க காலப் பிரசாரகரான ரோஜர் வேருக்காக உங்கள் இதழ் ஏன் இப்படிப் பரிந்து எழுதுகிறது? வரியிலிருந்து தப்பிப்பதற்காகவே பிறந்த நாட்டின் குடியுரிமையை உதறியவர். வெடிபொருள் விற்றுச் சிறை சென்றவர். கடைசியில் 5 கோடி டாலரைக் கட்டிவிட்டு வழக்கிலிருந்தும் தப்பிவிட்டார். இவரை ஆதரிப்பது ஒழுங்காக வரி கட்டும் மக்களை அவமதிப்பதாகாதா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: அவர் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன், அதை மூடி மறைத்துவிட்டு அவருக்காக வாதாடினால் அந்த வாதத்துக்கு மதிப்பில்லை. 2014-இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தபோது தமக்குச் சொந்தமான பிட்காயின்கள் அனைத்தையும் வரிக் கணக்கில் காட்டவில்லை, தெரிந்தேதான் காட்டவில்லை என்று, 2025 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறையுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் அவரே ஒப்புக்கொண்டார். அதனால் அரசுக்கு நேர்ந்த இழப்பு சுமார் 1.7 கோடி டாலர் என்பதையும் ஏற்று, வரி, அபராதம், வட்டி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5 கோடி டாலர் செலுத்தினார். அதன்பின் அரசுத் தரப்பே கேட்டுக்கொள்ள, வழக்கு தள்ளுபடியாயிற்று. கையில் எத்தனை காயின் இருக்கிறது என்பது எண்ணிச் சொல்லிவிடக்கூடிய விஷயம். அதைக் குறைத்துக் காட்டியதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை.

ஆனால் நீங்கள் அவரிடம் காணும் முதல் குற்றம் இதுவன்று. அவர் நாட்டைத் துறந்தார் என்பது. குடியுரிமையைத் துறப்பது எல்லா மனிதருக்கும் இயல்பாக உள்ள பிறப்புரிமை என்று 1868-இலேயே சட்டம் இயற்றி அறிவித்த நாடு அமெரிக்கா. பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பழைய அரசுகள் உரிமை கொண்டாடுவதைத் தடுக்கவே அன்று அந்தச் சட்டம் வந்தது. வரும்போது செல்லுபடியாகும் உரிமை போகும்போது மட்டும் துரோகமாகிவிடாது. வேர் ஒரே இரவில் ஓடிப்போனவரும் அல்லர்; பல ஆண்டுகள் ஜப்பானில் வாழ்ந்துவிட்டு, செயின்ட் கிட்ஸ் – நெவிஸ் தீவு நாட்டின் குடியுரிமையை 2014 பிப்ரவரியில் முறைப்படி பெற்ற பிறகே அமெரிக்கக் குடியுரிமையை விட்டார். அமெரிக்கா தன் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் அவர்களிடம் வரி கேட்கும் நாடு என்பதையும், துபாயில் உழைத்துச் சம்பாதிக்கும் நம் ஊர்க்காரர் அந்தச் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி கட்டுவதில்லை என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அப்படி விலகுபவரின் சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டினால், 2008-இல் வந்த சட்டப்படி, அவர் தம் உடைமைகள் அனைத்தையும் முந்தின நாளே விற்றுவிட்டதாகக் கருதி லாபத்துக்கு ‘வெளியேற்ற வரி’ போடுகிறார்கள். விற்காத பொருளுக்குப் பணமாக வரி கட்ட வேண்டும். வீட்டுக்கும் பங்குக்கும் இதைக் கணக்கிடலாம். 2014 தொடக்கத்தில் பிட்காயினுக்கு எப்படிக் கணக்கிட்டிருக்க முடியும்? அரசுத் தரப்புக் கணக்கின்படி அவரிடமும் அவருடைய இரண்டு நிறுவனங்களிடமும் இருந்தவை சுமார் 1,31,000 காயின்கள். அன்றைய சந்தை விலை ஒன்றுக்கு 871 டாலர். அன்று உலகில் இருந்த மொத்த பிட்காயின்களில் இது நூற்றில் ஒரு பங்குக்கும் மேல். அவ்வளவையும் ஒரே நாளில் சந்தையில் இறக்கினால் அந்த விலை நின்றிருக்குமா? அந்தப் பிப்ரவரியில்தான் பிட்காயின் வாங்கி விற்கும் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் பரிமாற்றகம் வாடிக்கையாளர்கள் காயின்களை எடுப்பதை நிறுத்தி, மாதக் கடைசியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2015 ஜனவரியில் விலை 200 டாலருக்கும் கீழே விழுந்தது. பிட்காயினை நாணயமாக அல்ல, சொத்தாகவே கருதி வரி விதிப்போம் என்ற முதல் விளக்கத்தையே அமெரிக்க வருமான வரித்துறை 2014 மார்ச் 25-இல்தான் வெளியிட்டது. மதிப்பீட்டில் இத்தனை குழப்பம் இருந்த ஒரு பொருளுக்காகத்தான், பத்து ஆண்டு கழித்து, அரசுக்கு 4.8 கோடி டாலர் இழப்பு என்று குற்றம்சாட்டி, 2024-இல் ஸ்பெயினில் அவரைக் கைது செய்தார்கள். அஞ்சல் வழி மோசடி என்ற பிரிவில் மட்டும் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 20 ஆண்டு வரை சிறை. குற்றப்பத்திரிகையில் சொன்ன 4.8 கோடியையும், உடன்பாட்டில் நின்ற 1.7 கோடியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் நான் அவருக்காக எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவருக்கு அமெரிக்க அதிபர் மன்னிப்பு வழங்க வேண்டும் என்ற கோரிக்கை 2025 ஜனவரியில் எழுந்தபோது, குடியுரிமையை விட்டவருக்கு மன்னிப்புக் கிடையாது என்று எலான் மஸ்க் பகிரங்கமாகச் சொன்னார். உங்கள் கடிதத்தின் தொனியும் அதுவே. பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் என்ற தனி நாணயம் 2017-இல் பிரிந்தபோது வேர் அந்தப் புதிய நாணயத்தின் பக்கம் நின்றார் என்பதற்காக, ஒரு காலத்தில் அவரைப் ‘பிட்காயின் ஏசு’ என்று கொண்டாடியவர்களில் பலரும் அவருடைய கைதில் மகிழ்ந்தார்கள். இவையெல்லாம் ஒருவரைப் பிடிக்காமல் போவதற்கான காரணங்கள்; சிறையில் வைப்பதற்கான காரணங்கள் அல்ல.

வெடிபொருள் என்று நீங்கள் எழுதியது, பயிரைத் தின்ன வரும் பறவைகளை விரட்ட விவசாயிகள் பயன்படுத்தும் ஒரு வகைப் பட்டாசு. அதை உரிமம் இல்லாமல் ஈபே வழியாக விற்றதற்காக 2002-இல் 10 மாதத் தண்டனை பெற்று, அதை முழுதும் அனுபவித்தார். தண்டனை முடிந்த ஒரு குற்றத்தை வேறொரு வழக்கில் மீண்டும் சுமத்துவதை நான் ஏற்கமாட்டேன். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இருப்பது வேறோர் இடத்தில். 2013 ஜூலையில் மவுண்ட் காக்ஸ் அலுவலகத்தில் இருந்தபடி, அந்த நிறுவனத்திடம் பணத்துக்குக் குறைவில்லை, தாமதத்துக்குக் காரணம் வங்கிகளே என்று வீடியோவில் உறுதி கூறினார். அதை நம்பியவர்கள் பணத்தை இழந்தார்கள். பிறகு அதற்காக வருத்தம் தெரிவித்தார் என்றாலும் அந்தப் பழி எளிதில் போகாது. எனினும் அதற்காக அவர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை.

பணம் கட்டித் தப்பிவிட்டார் என்கிறீர்கள். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் பணத்தை மறைத்த அமெரிக்கர்களுக்கு அதே வரித்துறை 2009 முதல் 2018 வரை ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 56,000-க்கும் மேற்பட்டோர் முன்வந்து வரியும் அபராதமுமாக 1,110 கோடி டாலர் கட்டி வழக்கைத் தவிர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பிடிபடுவதற்கு முன் வந்தார்கள், வேர் கைதான பிறகு கட்டினார் என்ற வேறுபாடு உண்மையானது. அதற்கு விலையாகத்தான் இழப்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கட்டியிருக்கிறார், ஒன்றரை ஆண்டு ஸ்பெயினில் வழக்கோடு காத்தும் கிடந்திருக்கிறார். விற்காத சொத்துக்கு வெளியேற்ற வரி கேட்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2024 டிசம்பரில் அவருடைய வழக்கறிஞர்கள் மனுப் போட்டார்கள். நான் தீர்ப்புக்காகக் காத்திருந்தது அந்த மனுவுக்குத்தான். உடன்பாடு வந்துவிட்டதால், இனி வேறு யாராவது ஒருவர் கைதாகி அந்தக் கேள்வியை எழுப்பும் வரை அதற்கு விடை கிடைக்காது.