மொந்தெபுல்ச்சானோ என்றால் ஊரா, பழமா?

தம்பி, இத்தாலியில் சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து ஏழு மாதம், தட்டுக் கழுவிய கடையிலேயே இப்போது மேசைக்குப் பரிமாற விட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல விசயம். வைன் பட்டியலில் அறுபது பெயர் கிடக்கிறது, எது ஊர், எது முந்திரிகைப் (திராட்சை) பழம், எது கம்பனி என்று பிடிபடவில்லை, எனக்குக் குடிக்கிற பழக்கமும் இல்லை, குடிக்காமல் இதைப் படிக்க ஏலுமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏலும். நானும் வீட்டில் குடிப்பதில்லை. இருபது வருசத்துக்கு மேல் இந்தப் போத்தல்களைத் திறந்துதான் பிள்ளைகளைப் படிப்பித்தேன்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். பரிமாறத் தொடங்கிய முதல் கோடையில் ஒரு வயதான சோடி வந்து 'வீனோ நோபிலே தி மொந்தெபுல்ச்சானோ' கேட்டார்கள். எனக்குக் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான். அலுமாரியில் அந்தச் சொல் எழுதியிருந்த போத்தலை எடுத்துப் பெருமையாகத் திறந்துவிட்டேன். அது 'மொந்தெபுல்ச்சானோ தாப்ருத்சோ'. முதலாவதில் மொந்தெபுல்ச்சானோ என்பது தொஸ்கானா மாகாணத்தில் மலைமேல் இருக்கிற ஒரு ஊர். அங்கே வைன் செய்வது பெரும்பாலும் சஞ்சொவேசே என்ற பழத்தில். இரண்டாவதில் அதே சொல் பழத்தின் பெயர், அப்ருத்சோ மாகாணத்தில் விளைவது. பெயரில் ஒற்றுமையே தவிர வேறு ஒன்றும் இல்லை. கிழவர் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். முதலாளி சிரிக்கவில்லை, போத்தலின் காசு என் சம்பளத்தில் போனது.

ஆகவே பட்டியலைப் பாடமாக்கிக்கொண்டு இருக்காதீர்கள். ஒவ்வொரு பெயரையும் பார்த்து, இது ஊரா பழமா என்று கேளுங்கள். பரோலோ, பர்பரெஸ்கோ, கியாந்தி, எத்னா, மர்சாலா எல்லாம் இடம். க்ரில்லோ, பர்பேரா, வெர்மெந்தீனோ எல்லாம் பழம். 'பர்பேரா தாஸ்தி' என்றால் அஸ்திப் பக்கத்தில் விளைந்த பர்பேரா, பழமும் இடமும் சேர்ந்த பெயர். மிச்சமாக எழுதியிருப்பது பெரும்பாலும் செய்தவரின் பெயர்.

இதில் ஏமாற்றுகிற பெயர்களும் உண்டு. எங்கள் தீவின் 'நேரோ தாவோலா'வைப் பாருங்கள். 'ஆவோலாவின் கறுப்பு' என்று அர்த்தம். ஆவோலா சிராகூசாப் பக்கத்து ஊர்தான், ஆனால் பழம் சிசிலி முழுக்க விளைகிறது. யாழ்ப்பாணத்து மாம்பழத்துக்குக் கறுத்தக்கொழும்பான் என்று பேர் வைத்திருக்கிறோமே, அதுபோல. அந்தப் பெயரைப் பார்த்துக் கொழும்புக்கா போகிறோம்?

வடக்கில் முதலில் பரோலோவைப் பழகுங்கள், ஏனென்றால் விலை கூடியது, பிழை விட்டால் வலிக்கும். பியெமொந்தேயில் 11 கிராமங்களின் எல்லைக்குள், நெப்பியோலோ என்ற ஒரே பழத்தில் மட்டும் செய்ய வேண்டும். அறுவடை முடிந்த நவம்பரிலிருந்து 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பக்கத்து பர்பரெஸ்கோவும் அதே நெப்பியோலோதான், அதற்கு 26 மாதம் போதும். நிறத்தைப் பார்த்து மிரளாதீர்கள். வெளிறிய சிவப்பு, வருசம் போகப்போகச் செங்கல் நிறம். நான் முதலில் தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். வாயில் வைத்தால் இளம் கொய்யாக்காய் கடித்ததுபோல நாக்கை இழுக்கும். பெரிய கிண்ணத்தில்தான் ஊற்ற வேண்டும். அதே பழத்தில் கொஞ்சம் மலிவாகக் கேட்டால் 'லாங்கே நெப்பியோலோ'வைக் காட்டுங்கள்.

கியாந்திக்குப் பழம் சஞ்சொவேசே, குறைந்தது 70 சதவீதம். கழுத்தில் கறுப்புச் சேவல் இருந்தால் அது 'கியாந்தி கிளாசிக்கோ', பிறென்சே (புளோரன்ஸ்) நகரத்துக்கும் சியேனா நகரத்துக்கும் நடுவில் உள்ள பழைய நிலம், அங்கே 80 சதவீதம். சேவலுக்கு ஒரு கதை சொல்வார்கள். இரண்டு நகரமும் எல்லை பிரிக்க, சேவல் கூவியதும் ஆளுக்கொரு குதிரை வீரன் புறப்படுவது, சந்திக்கிற இடம் எல்லை என்று பேசிக்கொண்டார்களாம். பிறென்சேக்காரர் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டதால் அது விடிய முன்னமே கூவிவிட்டதாம். அவர்களுடைய வீரன் முந்திப் புறப்பட்டதால் நிலம் பெரும்பாலும் அவர்களுக்கே போனதாம். மேசையில் இந்தக் கதையைச் சொல்லுங்கள், கட்டாயம் சிரிப்பார்கள்.

பெயரோடு சேர்த்து எழுதுகிற ரிசேர்வா, சுப்பீரியோரே, கிளாசிக்கோ மூன்றையும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ரிசேர்வா கூடக் காலம் வைத்திருந்தது. சுப்பீரியோரே பெரும்பாலும் மதுச்சத்து சற்றுக் கூடியது. கிளாசிக்கோ அந்தப் பிரதேசத்தின் பழைய நடுப்பகுதி.

அடுத்தது போத்தலில் போடுகிற டி.ஓ.சி. போன்ற எழுத்துகள். டி.ஓ.சி. என்ற முறை 1963இல் சட்டமானது: இந்த எல்லை, இந்தப் பழம், இத்தனை விளைச்சல் என்று விதி. அதற்கு மேல்படியான டி.ஓ.சி.ஜி. 1980இல் முதல் வைன்களுக்குக் கிடைத்தது. அந்தப் போத்தலின் கழுத்தில் இலக்கம் அச்சடித்த அரசாங்கத் துண்டு ஒட்டியிருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். ஐ.ஜி.டி. பிந்தியது, 1992. விதி தளர்வு. எழுத்துக் கூடினால் ருசி கூடும் என்று மட்டும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். தொஸ்கானாவில் பொல்கேரிப் பக்கத்து சசிக்காயா என்ற வைன் பிரெஞ்சுக் கபெர்னேப் பழத்தில் செய்தது, விதிக்குள் அடங்கவில்லை. அதனால் 1968ஆம் ஆண்டு வைனைச் சாதாரண 'மேசை வைன்' என்றுதான் விற்றார்கள். இன்றைக்கு அதன் விலையைப் பட்டியலில் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

புரோசெக்கோ என்ற நுரைக்கிற வைனைப் பற்றி ஒன்று போதும்: 2009இல் அந்தப் பெயரை இடத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, பழத்தை கிளேரா என்று அழைக்கத் தொடங்கினார்கள். சம்பேன் என்று மட்டும் சொல்லிக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

நீங்கள் ஒவ்வொரு நாளும் விற்கப்போவது சிசிலி வைன். இதில் ஒரேயொரு டி.ஓ.சி.ஜி.தான் உண்டு, 'செராசுவோலோ தி வித்தோரியா', 2005இலிருந்து. நேரோ தாவோலாவும் பிறப்பாத்தோவும் கலந்த சிவப்பு. அப்ருத்சோவிலும் ஒரு செராசுவோலோ இருக்கிறது, அது ரோசா நிறம். என்னைப்போல ஏமாறாதீர்கள். எத்னா சிவப்புக்குப் பழம் நெரெல்லோ மஸ்கலேசே, வெள்ளைக்குக் கர்ரிக்காந்தே. எரிமலைக் கறுப்பு மண், உயரமான தோட்டம். எனக்குச் சிசிலியில் பிடித்த மணம் அந்த வெள்ளைதான்.

மர்சாலாவைச் சமையலறையில் இறைச்சிக்கு ஊற்றக் கண்டிருப்பீர்கள். 1773இல் ஜோன் வுட்ஹவுஸ் என்ற ஆங்கில வியாபாரி கப்பலில் கெட்டுப்போகாமல் இருக்க அதில் சாராயம் சேர்த்து அனுப்பினான், அதன் பிறகுதான் உலகமெல்லாம் பேர் பரவியது. 'பீனே' ஒரு வருசம், 'வெர்ஜினே' ஐந்து வருசம் வைத்தது. வெர்ஜினேயைக் குசினிக்காரர் சட்டியில் ஊற்றினால் உடனே முதலாளியிடம் சொல்லுங்கள்.

இனிப்புக்கு, பந்தெல்லேரியாத் தீவில் செய்கிற 'பசீத்தோ தி பந்தெல்லேரியா'. பழம் சிபிப்போ. அரபியில் முந்திரிகை வத்தலுக்குச் சபீப் என்று பெயர், அதிலிருந்து வந்தது. நாங்கள் கிணற்றடியில் முந்திரிகையைப் பந்தலில் ஏற்றுவோம். அந்தத் தீவில் காற்று அடிக்கிற அடிக்குப் பந்தல் நிற்காது. குழி தோண்டி, குழிக்குள் குட்டைச் செடியாக வளர்க்கிறார்கள். பழத்தை வெயிலில் காயவைத்துப் பிறகு பிழிகிறார்கள்.

குடிக்காமல் எப்படி அறிவது? மூக்கால். திறந்ததும் தக்கையை மணந்து பாருங்கள், கிண்ணத்தையும் மணந்து பாருங்கள். நனைந்து பூசணம் பிடித்த கடதாசி மட்டை மணத்தால் அது கெட்ட தக்கை. வாடிக்கையாளர் 'சா தி தாப்போ' என்று சொன்னால் அதைத்தான் சொல்கிறார். வாதாடாமல் போத்தலை மாற்றுங்கள். இரண்டு மாதத்தில் அவர் சொல்ல முன்னமே உங்களுக்கே தெரியும்.

மேசையில் 'கே மி கொன்சில்யா?' என்று உங்களிடமே யோசனை கேட்பார்கள், வேர்க்கும். மீன் என்றால் க்ரில்லோ, இறைச்சி என்றால் நேரோ தாவோலா. முதல் மாதத்துக்கு இவ்வளவும் போதும். யாரும் பரோலோ கேட்டால் எந்தச் செய்பவர், எந்த வருசம் என்று திருப்பிக் கேளுங்கள், அவரே பத்து நிமிசம் விளக்குவார், நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றால் சரி.