மின்சாரத்தைச் சேமிக்க எங்கிருந்து தொடங்குவது?

நகர வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்க எதை முதலில் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்குகளை அணைப்பது நல்லதுதான். ஆனால் பெரும் செலவு சூடாக்குவதிலும் குளிர்விப்பதிலும் இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ அரை யூனிட் ஆகிறது. அதே மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு நாள் இடைவிடாமல் எரியும்! எனவே கீசரின் வெப்ப அளவைக் குறைத்து வையுங்கள்.

அடுத்து ஃபிரிட்ஜ். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது, குளிர் கசிகிறது. பட்டையை மாற்றிவிடுங்கள். ஏ.சி. வடிகட்டியையும் தூசி தட்டிக் கழுவுங்கள்.

சாதாரண மின்விசிறி 75 வாட் வரை இழுக்கும்; பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) வகை மின்விசிறிக்கு 30 வாட் அளவே போதும். ஆனாலும் ஓடிக்கொண்டிருப்பதைத் தூக்கியெறிய வேண்டாம், பழுதாகும்போது மாற்றுங்கள். மின்கழிவும் மண்ணைக் கெடுக்கிறது.