வாசகர் கேள்வி பதில்: பாலைவனம், மோசே மலை, செங்கடல்

கேள்வி (பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி): சொந்தபந்தமாகப் பன்னிரண்டு பேர் எகிப்து போகிறோம். கெய்ரோவில் இறங்கி, வேனிலேயே சினாய் பாலைவனம், மோசே மலை, அப்புறம் செங்கடல் ஓரத்துத் தஹாப் கடற்கரை. ஏஜென்ட் கொடுத்த திட்டப்படி காலையில் கெய்ரோவிலிருந்து கிளம்பி அன்று ராத்திரியே மலை ஏறுகிறோம், இறங்கியதும் நேராகத் தஹாப். என் மாமியாருக்கு 66 வயது, வருஷா வருஷம் பழனி படி ஏறுகிறவர், நானும் ஏறுவேன் என்கிறார். கூட்டிக்கொண்டு போகலாமுங்களா?

பதில்: தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பாலைவனம், மலை, கடைசியில் கடல் என்ற வரிசை சரிதான். வேகம்தான் தப்பு.

கெய்ரோவிலிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் செயின்ட் கேத்தரின் ஊருக்குச் சுமார் 450 கிலோமீட்டர். ஒரு பகல் ஓட்டம்தானே என்று தோன்றும். ஆனால் சூயஸ் கால்வாய்க்கு அடியில் போகிற அகமது ஹம்தி சுரங்கப்பாதையைத் தாண்டி சினாய்க்குள் நுழைந்தால் சோதனைச் சாவடிகள் வந்துகொண்டே இருக்கும், வண்டியில் இருக்கிற எல்லார் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஊர் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் நடுராத்திரி தாண்டி ஒன்று, இரண்டு மணிக்கே ஏறத் தொடங்க வேண்டும். நாள் பூராவும் வேனில் குலுங்கி வந்த உடம்பைத் தூங்கவிடாமல் மலையேற்றுவது இருபது வயதுப் பையனுக்கே சரிப்படாது.

அதனால் ஏஜென்டிடம் அடிவாரத்தில் இரண்டு ராத்திரி கேளுங்கள். முதல் ராத்திரி தூங்குங்கள், மறுநாள் அங்கிருக்கும் பழைய கிறிஸ்தவ மடாலயத்தைப் பாருங்கள், அடுத்த ராத்திரி ஏறுங்கள். இதற்காகக் கெய்ரோவில் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை.

மலை உயரம் 2,285 மீட்டர், ஆனால் அடிவாரமே 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் நாம் ஏறுவது அதில் ஒரு பங்குதான். வழி இரண்டு. ஒன்று பழைய துறவிகள் கட்டிய 3,750 கற்படிகள், இருட்டில் அந்தப் பக்கம் வேண்டாம். இன்னொன்று வளைந்து வளைந்து போகும் ஒட்டகப் பாதை, சாய்வு குறைவு. மாமியார் இதில் ஒட்டகத்தில் போகலாம், ஆனால் கடைசி 750 படியை எல்லாருமே நடந்துதான் ஏற வேண்டும். அந்த இடத்தில் அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடியவில்லை என்றால் பக்கத்து டீக்கடையில் போர்வையைப் போர்த்தி உட்கார வைத்து, துணைக்கு ஒருவர் கட்டாயம் இருங்கள். யார் இருப்பது என்பதை ஊரிலேயே பேசி வைத்துக்கொண்டால் மலையில் சண்டை வராது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும், ஒரு தடி இருக்கட்டும்.

வெள்ளியங்கிரி ஏறினவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் ராத்திரி நடையும் உச்சிக் காற்றும் அவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே சுனை உண்டு, மரம் உண்டு. இங்கே மொட்டைப் பாறை. டிசம்பர், ஜனவரியில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், பாலைவனம்தானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதீர்கள். பெதூயின் என்ற உள்ளூர்ப் பாலைவனப் பழங்குடி வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். அவருக்கு முன்னால் யாரும் ஓடாமல், கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவரை அவருக்கு அடுத்தபடியாக விட்டு மற்றவர்கள் பின்னால் போனால் யாரும் தனியாகத் தங்கிப்போக மாட்டார்கள்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): குழுவில் பாதிப் பேர் சுத்த சைவம். பொடி, தொக்கு எல்லாம் மூட்டை கட்ட வேண்டுமா?

பதில்: கொஞ்சம் போதும். எகிப்தியர்களின் அன்றாடச் சாப்பாட்டிலேயே சைவம் நிறைய இருக்கிறது. அவரை இனப் பயறை வேகவைத்துக் கடைந்த ஃபூல், அதே பயறை அரைத்துப் பொரித்த தாமியா, அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்து வறுத்த வெங்காயம் தூவிய குஷரி. அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக் குஷரி உடனே பிடித்துப்போகும்.

பொடி எடுத்துப் போனால் ஒன்றை மட்டும் பாருங்கள். ஷார்ஜா, துபாய் வழியாக விமானம் மாறுகிறவர்கள் பையில் கசகசா இருக்கவே கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். நம் வீட்டுக் குழம்பு மசாலாவில் கசகசா அரைத்துச் சேர்க்கிற வழக்கம் உண்டு, அதனால் அரைத்த ஆத்தாவிடமே கேட்டு உறுதி செய்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்): விவிலியம் சொல்கிறபடி மோசேக்குக் கடவுளிடமிருந்து பத்துக் கட்டளைகள் கிடைத்தது இந்த மலையில்தான் என்பது நிரூபணமானதா?

பதில்: இல்லைங்க ஐயா. தொல்லியல் சான்று கிடையாது, வேறு மலைகளைச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பதினைந்து நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் இதைத்தான் அந்த மலை என்று நம்பி ஏறி வருகிறார்கள், எனக்கு அதுவே பெரிய விஷயம். அடிவாரத்து மடாலயம் 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. அதைக் காக்க அவர் கொண்டுவந்து குடியமர்த்தியவர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் ஜபலியா பெதூயின்கள்தான் இன்றைக்கும் வழிகாட்டிகள். அவர்கள் முஸ்லிம்கள், மடாலயத்தில் இருப்பவர்கள் கிரேக்க மரபுத் துறவிகள். மதிலுக்குள்ளே ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது, மலை உச்சியில் சிற்றாலயமும் சிறு பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

புத்தகப் பிரியர் என்பதால் இன்னொன்று. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்க விவிலியக் கையெழுத்துப் படி இந்த மடாலயத்தில்தான் இருந்தது. 1844இல் டிஷென்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் கண்ணில் பட்டது, பிறகு ரஷ்யா போய், 1933இல் சோவியத் அரசிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டு, பெரும்பகுதி இப்போது லண்டனில் இருக்கிறது. மடாலயத்தைக் காலை சில மணி நேரம்தான் திறப்பார்கள், சில கிழமைகளில் விடுமுறையும் உண்டு, தேதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும்.

கேள்வி (கோபியிலிருந்து ஒரு இளைஞர்): வாய்க்காலில் நீந்தினவன் நான். தஹாபில் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு முக்குளிக்க, போகலாமா?

பதில்: போகலாம் தம்பி, பயிற்றுநரோடு. 'ப்ளூ ஹோல்' என்று நூறு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடல் குழி அங்கே இருக்கிறது, அனுபவமுள்ள பலரே அதில் இறந்திருக்கிறார்கள். அதன் விளிம்பில் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து மீன் பார்த்துவிட்டு வாருங்கள், போதும். பவளப்பாறையை மிதிக்காதீர்கள், அது உயிர்.

மலையை முன்னாலும் கடலைப் பின்னாலும் வைக்கச் சொன்னதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஆழத்தில் மூச்சுவிடும்போது ரத்தத்தில் நைட்ரஜன் கூடுதலாகக் கரைகிறது. அது வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழாகி ஆளையே முடக்கிவிடும். விமானத்துக்கும் இதே கணக்கு. கடைசியாக முக்குளித்ததிலிருந்து குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், கரையிலேயே இருந்துவிட்டு விமானம் ஏறுங்கள்.