பக்கத்து ஊருடன் இணைந்தால் ஊர்ப்பெயர் அழிந்துவிடுமா?

கேள்வி: பிரான்சில் நாங்கள் வசிக்கும் சிற்றூரைப் பக்கத்து ஊருடன் இணைக்கப் போகிறார்களாம். எங்கள் ஊர்ப்பெயர் இல்லாமலே போய்விடுமா?

தானாக அழியாது. ஆனால் ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விட்டால் அழியலாம். இப்படி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது துவோமோன்.

வெர்தன் நகருக்கு வடகிழக்கே, மியூஸ் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கிறது அந்த ஊர். முதல் உலகப் போரின்போது, 1916-இல் பத்து மாதம் நடந்த வெர்தன் போரில் அதோடு சேர்த்து ஒன்பது ஊர்கள் மண்ணோடு மண்ணாகின. வெடிக்காத குண்டுகள் புதைந்து கிடந்த நிலத்தை மறுபடி உழ முடியவில்லை. அரசே நிலத்தை வாங்கி மரம் நட்டது. ஆனால் ஊர்களைக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. 'பிரான்சுக்காக உயிர்நீத்தவை' என்று அறிவித்து, கொம்யூன் தகுதியை அப்படியே வைத்தார்கள். அவற்றில் ஆறு ஊர்களில் இன்றும் ஒருவர்கூடக் குடியில்லை. ஓட்டுப்போட ஆளில்லாததால் மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான பிரெஃபே மேயரை நியமிக்கிறார்.

(கொம்யூன் என்பது அங்கே உள்ளாட்சியின் அடிப்படை அலகு. பாகூரிலும் வில்லியனூரிலும் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர்ப்பலகை இருப்பதால் புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதில்லை.)

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் அங்கே போயிருந்தேன். துவோமோனுக்குப் பக்கத்தில் ஃப்ளூரி, ஆளில்லாத அந்த ஆறு ஊர்களில் ஒன்று. மரங்களுக்கு நடுவே தரை முழுக்கக் குழியும் மேடுமாக, புல் மூடிய அலை போல இருக்கிறது. ரொட்டிக்கடை இருந்த இடம், பள்ளிக்கூடம் இருந்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அடையாளம் நட்டிருக்கிறார்கள். யாரும் வராத ரொட்டிக்கடையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒரு ஊரை இப்படியும் காப்பாற்றி வைக்கலாமா என்று தொண்டை அடைத்தது.

துவோமோனின் கதை கொஞ்சம் வேறு. அதன் எல்லையில் சில வீடுகள் திரும்ப எழுந்தன. அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 வீரர்களின் எலும்புகளைக் காக்கும் நினைவு மண்டபமும் அங்கேதான் இருக்கிறது. 1984-இல் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் கோலும் கைகோத்து நின்ற இடம். உலகமே அறிந்த பெயர், ஆனால் குடியிருப்பவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. நூறு பேருக்குக் குறைந்த கொம்யூனுக்கும் சட்டப்படி ஏழு உறுப்பினர் கொண்ட மன்றம் வேண்டும். வெளியில் வசிப்பவர்கள் சிலரையும் சேர்க்கலாம் என்றாலும், இத்தனை சிறிய ஊர் எத்தனை தேர்தலுக்குத் தாக்குப்பிடிக்கும்?

அதே போரில் அழிந்து, பாதி மீண்ட இன்னொரு ஊர் பக்கத்திலேயே இருந்தது: வோ-தெவான்-தாம்லூ, அதாவது 'தாம்லூவுக்கு முன்னால் இருக்கும் வோ'. 2019 ஜனவரி 1 அன்று இரண்டும் இணைந்து 'துவோமோன்-வோ' ஆயின. சேர்த்துப் பார்த்தாலும் நூறு பேர் தேற மாட்டார்கள். 'தாம்லூவுக்கு முன்னால்' என்ற வால் போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் குண்டுவீச்சில் மாண்ட இரண்டு பெயர்களும் அருகருகே உயிரோடு நிற்கின்றன. அந்தச் சிறு கோடு எனக்குப் பெரிய விஷயம்.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். 2010 டிசம்பர் சட்டத்தின்படி இப்படி உருவாவது 'புதிய கொம்யூன்'. 2015-இல் அரசு நிதிச் சலுகைகளைக் கூட்டிய பிறகு, 2016 தொடக்கத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கொம்யூன்கள் இப்படி ஒன்றுசேர்ந்தன. பழைய ஊர் அதற்குள் ஒரு பிரிவாகத் தொடரலாம். தனக்கென ஒரு துணை மெரியையும் (மெரி என்பது மேயர் அலுவலகம்) பிரதிநிதி மேயரையும் வைத்துக்கொள்ளலாம். விலாசத்தில் பழைய பெயரைத் தனி வரியாக எழுதலாம்.

புதுப் பெயரை முன்மொழிவது மன்றங்கள்தான். மன்றங்கள் எல்லாம் ஒத்துப்போனால் மக்கள் வாக்கெடுப்பு கட்டாயமில்லை. அதனால் முடிவு வந்த பிறகு வருந்திப் பயனில்லை. மன்றக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். இணைப்பு வாக்குக்கு வரும் கூட்டம் எது என்று மெரியில் கேட்டு, அதற்கு முன்பே உங்கள் ஊர் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசுங்கள். பெயரில் உங்கள் ஊரும் இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுங்கள்.